இலக்கு ஒன்று, துணை வேறு: பாடக்குறிப்பில் மூன்று வருட அனுபவம்

ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மலைக்கிராமப் பள்ளி. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில்; பிள்ளைகள் 16 பேர், ஆசிரியை நான் ஒருத்தி. பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, அடுத்த ஆண்டு எங்களுக்கும் வந்தது. அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (மேல்நிலை) எனப் பிள்ளைகளின் கற்றல் நிலை பார்த்துப் பாடக்குறிப்பில் இலக்கு எழுதத் தொடங்கியது அப்போதுதான்.

முதல் வருடம் தப்பு செய்தேன். மலருக்கு மூன்றிலக்கக் கழித்தல், அரும்புக்கு ஓரிலக்கம் என்று தனித்தனி இலக்கு எழுதினேன். மார்ச் வந்தும் அரும்புப் பிள்ளைகள் ஓரிலக்கத்திலேயே நின்றார்கள். "டீச்சர், நான் அரும்பு, எனக்கு அந்தக் கணக்கு இல்ல" என்றான் ஒரு பையன். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கற்றல் இலக்கு எழுதுவது பற்றி நூல் எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் 1962-லேயே சொன்னது கைகொடுத்தது: இலக்கு என்றால் பிள்ளை செய்யும் செயல், செய்யும் சூழல், போதுமென்ற அளவு மூன்றும் தெரிய வேண்டும். நான் சூழலை மட்டும் மாற்றினேன். "மூன்றிலக்க எண்களை இனமாற்றத்துடன் (கடன் வாங்கி) கழிப்பர், ஐந்துக்கு நான்கு சரியாக" என்பது எல்லோருக்கும் பொது. அரும்பு ஈர்க்குச்சிக் கட்டுகளோடு, மொட்டு இடமதிப்புக் கட்டத்தில், மலர் துணையின்றி. மலர் சொந்தமாக ஒரு கதைக்கணக்கும் அமைக்க வேண்டும்.

அதே பையனுக்கு 302 கிலோ காப்பிப் பழத்தில் 145 கிலோவைக் கழிக்கும் கணக்கு. நடுவில் உள்ள பூஜ்ஜியத்தில் நின்றுவிட்டான். கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பத்துக் கட்டே இல்ல, நூறத்தான் பிரிக்கணும்" என்று ரப்பர் பேண்டைக் கழற்றினான். பத்துக் கட்டுகள் வந்தன. அதில் ஒன்றைப் பிரித்து உதிரியாக்கினான். 157 வந்தது. இரண்டு வாரத்தில் குச்சியைக் கேட்பதையே விட்டுவிட்டான்.

தமிழ் வாசிப்பில் இது அப்படியே பொருந்தவில்லை. எழுத்தே கூட்டத் தெரியாத பிள்ளைக்கு எந்தத் துணை கொடுத்தாலும் பத்தியை வாசிக்க வராது. அவர்களுக்கு நான் வாசித்துக் காட்டி, கேட்டுப் பதில் சொல்வதை இலக்காக்குகிறேன். எழுத்துப் பயிற்சிக்குத் தனி நேரம்.

நேரம்தான் பெரிய குறை. ஆரம்பத்தில் ஒரு பாடத்துக்குக் குறிப்பு எழுத முக்கால் மணி ஆனது, இப்போது கால் மணி. எந்த நிலையில் யார் என்று பிள்ளைகளின் பெயர்களைப் பென்சிலில்தான் எழுதுகிறேன். டிசம்பர், ஜனவரியில் பழம் பறிக்க அம்மாவோடு போன பிள்ளை திரும்பி வரும்போது நிலை மாறியிருக்கும். கழித்தலில் குச்சி கேட்ட அந்தப் பையன், எடை அளவையில் முதல் நாளே மலர்.