‘100 மில்லிகிராம்’ போத்தலை வாங்காதீர்கள்

ஒன்ராறியோவில் இருக்கும் யாராவது கஞ்சா கலந்த பானத்தை இணையத்தில் வாங்க நினைத்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு போத்தலிலோ ரின்னிலோ 10 மில்லிகிராமுக்கு மேல் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) இருப்பதாக எழுதியிருந்தால், அதை விற்பவர் உரிமம் பெற்ற வியாபாரி அல்லர். கடை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மேப்பிள் இலை போட்டிருந்தாலும் சரி. எங்களை ஏமாற்றிய கடையில் இரண்டுமே இருந்தன.

வாங்கியது என் அத்தானுக்காக. கல்லீரல் கொழுப்பு என்று மருத்துவர் எச்சரித்த பிறகு அவர் மதுவை அடியோடு விட்டுவிட்டார். வெள்ளி, சனி மாலைகளில் உரிமக் கடையில் வாங்கிய கஞ்சா பானம் ஒன்றோ இரண்டோ குடிப்பார், பழைய பாட்டுப் போட்டுக்கொண்டு பின்வளவில் இருப்பார், அவ்வளவுதான். ரின் ஒன்று ஐந்தாறு டாலர். ஒவ்வொன்றிலும் 10 மில்லிகிராம். பழகிய உடம்புக்கு அது போதவில்லை. மூன்றாவது ரின்னைத் திறந்தால் காசும் கூடுகிறது, வயிற்றுக்குள் போகும் சீனியும் கூடுகிறது என்று அக்கா ஏசுவார். அப்போதுதான் அந்த இணையக்கடையின் விளம்பரம் கண்ணில் பட்டது: மாம்பழச் சுவை, 355 மில்லிலிட்டர், 100 மில்லிகிராம், விலை 25 டாலர். நான்கு வாங்கினால் தபால் செலவு இலவசம்.

ஒரு ரின்னுக்கோ போத்தலுக்கோ சட்ட வரம்பு 10 மில்லிகிராம் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர்களை எப்படி மடக்குவது என்பது அந்தக் கடைக்கும் தெரிந்திருந்தது. ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ பகுதியில், 2022 டிசம்பரில் ஹெல்த் கனடா (மத்திய அரசின் சுகாதாரத் துறை) பானங்களுக்கான வரம்பைத் தளர்த்திவிட்டது, ஆகவே இது முழுக்கச் சட்டபூர்வம் என்று எழுதியிருந்தார்கள். தேடிப் பார்த்தால் அந்த மாதத்தில் உண்மையாகவே ஒரு தளர்வு செய்தியாக வந்திருக்கிறது. பொய்யை இப்படி ஒரு மெய்யின் முதுகில் ஏற்றிவிட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அந்தத் தளர்வு உண்மையில் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கதையை இன்னும் பல கடைகள் சொல்கின்றன. கனடாவில் வயது வந்த ஒருவர் பொது இடத்தில் 30 கிராம் உலர்ந்த கஞ்சாவையோ அதற்குச் சமமான வேறு பொருளையோ வைத்திருக்கலாம். உணவும் பானமும் 2019 அக்டோபர் 17 அன்று சட்டத்துக்குள் வந்தபோது, 70 கிராம் திரவம் ஒரு கிராம் உலர்ந்த கஞ்சாவுக்குச் சமம் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கின்படி 355 மில்லிலிட்டர் ரின் ஐந்துக்கு மேல் கையில் இருந்தால் குற்றம். உள்ளே இருப்பது 2 மில்லிகிராமா 10 மில்லிகிராமா என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. தண்ணீரின் எடையைத்தான் எடுத்தார்கள். இந்த அபத்தத்தைத்தான் 2022 டிசம்பரில் திருத்தினார்கள். இப்போது 570 கிராம் பானம் ஒரு கிராமுக்குச் சமம். 48 ரின் வரை வைத்திருக்கலாம். உயர்ந்தது கையில் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை மட்டுமே. ஒரு ரின்னுக்குள் இருக்கக்கூடிய டிஎச்சி அன்றும் 10, இன்றும் 10. மோசடிக்காரர்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள்.

பெட்டி வந்தபோது போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மாகாணத்துக்குரிய நிறத்தில் இருக்கவேண்டிய வரி முத்திரை தனியாக ஒட்டப்படவில்லை. லேபிளோடு சேர்த்தே அச்சடித்திருந்தார்கள். எண்கோண வடிவில் கஞ்சா இலையும் டிஎச்சி எழுத்துகளும் உள்ள சிவப்புச் சின்னம் எங்கேயும் இல்லை. மஞ்சள் கட்டத்துக்குள் வரும் சுகாதார எச்சரிக்கையும் இல்லை. தொகுதி எண் இல்லை, பொதி செய்த திகதி இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை. பிரெஞ்சில் ஒரு சொல்கூட இல்லை. கனடாவில் ஒரு தக்காளிச் சாற்று ரின்கூட பிரெஞ்சு இல்லாமல் கடைக்கு வராது. கடையை அழைத்துக் கேட்டேன். “புதிய லேபிள் அச்சில் இருக்கிறது, அண்ணா” என்றார் மறுமுனையில் பேசியவர். தமிழ்ப் பிள்ளைதான். அந்த ‘அண்ணா’வில் அத்தான் கரைந்துவிட்டார்.

மூடியைத் திறந்தபோது கழுத்தின் உட்புறத்தில் மஞ்சளாக எண்ணெய் வளையம் ஒன்று படிந்திருந்தது. குலுக்கினால் கலந்தது, கிளாசில் ஊற்றி வைத்தால் சற்று நேரத்தில் மறுபடியும் மேலே வந்து மிதந்தது. டிஎச்சி எண்ணெயில் கரையுமே தவிர நீரில் கரையாது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் அந்த எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக உடைத்துப் பானம் முழுவதும் சீராகப் பரவச் செய்கின்றன. அதற்கு இயந்திரம் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும். அப்படிச் செய்தும் டிஎச்சி அலுமினிய ரின்னின் உள்பூச்சில் போய் ஒட்டிக்கொண்டு அளவு குறைந்துவிடுகிறது என்று பெரிய நிறுவனங்களே திண்டாடியிருக்கின்றன. நமக்கு வந்ததோ மாம்பழச் சாற்றில் யாரோ வீட்டுச் சமையலறையில் எண்ணெயை ஊற்றி மூடியது. எந்த மிடறில் எவ்வளவு போகும் என்பது ஊற்றியவருக்கே தெரியாது.

முதல் போத்தலில் ஒன்றுமே இல்லை. அத்தான் கால் போத்தல் குடித்தார், பிறகு அரைப் போத்தல், மறுநாள் மீதி. வெறும் மாம்பழச் சாறு. “காசைத் தின்றுவிட்டான் தம்பி” என்றார். அடுத்த வாரம் இரண்டாவது போத்தலிலும் அதே கால்பங்கை ஊற்றினார். ஒரு மணி நேரம் கடந்தும் எதுவும் தெரியாததால் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். எண்ணெயாக உள்ளே போகும் டிஎச்சி அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். உச்சத்துக்குப் போக நான்கு மணி நேரம்கூட ஆகும். கல்லீரல் அதை இன்னும் வலுவான ஒன்றாக மாற்றி இரத்தத்துக்குள் விடுகிறது. உரிமக் கடைப் பானங்கள் பெரும்பாலும் அரை மணிக்குள் தெரியத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கத்தில் இருப்பவர் ஒரு மணி நேரம் காத்திருந்ததே அதிகம்.

இரவு பதினொரு மணிக்கு அவர் அக்காவை எழுப்பி, நெஞ்சு வெடிக்கப் போகிறது என்று சொன்னார். உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கதிரையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விட்டால் விழுந்துவிடுவேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாந்தி. பிறகு என்னை யார் என்று கேட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. அவசரப் பிரிவில் தாதி கேட்ட முதல் கேள்வி எத்தனை மில்லிகிராம் என்பதுதான். போத்தலைக் காட்டினோம். லேபிளைப் பார்த்துவிட்டு, இந்த எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது என்று திருப்பித் தந்துவிட்டார். இதை முறிக்கும் மருந்து எதுவும் இல்லை. இதயத் துடிப்பைக் கண்காணித்து, சேலைன் ஏற்றி, விடியும்வரை வைத்திருந்தார்கள். ஹெல்த் கனடா புதியவர்களுக்கு 2.5 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ போதும் என்கிறது. அத்தான் புதியவர் அல்லர், அப்படியிருந்தும் இந்தக் கதி. அந்த வீட்டில் அதை அக்காவின் மகள் குடித்திருந்தால்? போத்தலுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத மூடி கிடையாது, சாதாரணத் திருகுமூடி. குளிர்சாதனப் பெட்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் மாம்பழச் சாற்றுக்குப் பக்கத்தில்தான் நின்றது.

கடையிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். நன்றாகக் குலுக்கிக் குடிக்கும்படி எழுதியிருக்கிறதே என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். கடனட்டை எடுக்காத கடை அது. இன்ரராக் என்ற வங்கிப் பணப்பரிமாற்றம் மூலம் ஒரு தனிநபரின் பெயருக்குத்தான் பணம் போனது. பெற்றவர் கணக்கில் வைப்பிட்ட பணத்தை மீட்க வழியில்லை என்று வங்கி கைவிரித்துவிட்டது.

வரம்பே இதற்குக் காரணம் என்று சிலர் சொல்வார்கள். 2023இல் கனடாவின் போட்டிக் கண்காணிப்புப் பணியகமே உணவு, பானங்களுக்கான வரம்பைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம் என்றது; 2024இல் சட்டத்தை மீளாய்வு செய்த நிபுணர் குழு 10 மில்லிகிராமை அப்படியே வைத்திருக்கச் சொன்னது. நான் குழுவின் பக்கம். வரம்பு பழகியவர்களைக் கள்ளச் சந்தைக்குத் தள்ளுகிறது என்பது உண்மை. என் அத்தானே சாட்சி. ஆனால் வரம்பை 20 ஆக்கினால் இவர்கள் 200 என்று எழுதுவார்கள். எழுத்துக்குச் செலவில்லை. அரசிடம் எனக்குள்ள கோபம் வேறு: எந்த எண்ணை உயர்த்தினோம், எதை உயர்த்தவில்லை என்பதைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி சொல்லாமல் அரசிதழில் போட்டுவிட்டு இருந்துவிட்டார்கள்.

‘அமெரிக்கச் சணல் பானம், சட்டபூர்வம்’ என்ற பெயரிலும் இங்கே விற்கிறார்கள். இங்கே சணல் என்பது டிஎச்சி குறைந்த கஞ்சாச் செடி. அமெரிக்காவின் 2018 விவசாயச் சட்டம் டெல்டா-9 டிஎச்சி (டிஎச்சியின் முக்கிய வகை) உலர்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்கு மேற்படாத சணலை அனுமதித்தது. செடிக்காக எழுதிய சதவீதத்தை 355 கிராம் பானத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். அந்த ஓட்டையில்தான் அங்கே ஒரு தொழிலே வளர்ந்தது. 2025 நவம்பரில் அங்கேயும் ஒரு கொள்கலனுக்கு 0.4 மில்லிகிராம் டிஎச்சிதான் வரம்பு என்று சட்டம் போட்டு, அது நடைமுறைக்கு வர ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். அது அங்குள்ள கதை. எல்லை தாண்டி இங்கே கொண்டுவருவது எந்த அளவானாலும் குற்றம்.

ஒன்ராறியோவில் இணையத்தில் வாங்குவதற்கு மாகாண அரசின் கஞ்சா விற்பனை நிறுவனமான ஓசிஎஸ் இருக்கிறது, உரிமம் பெற்ற கடைகளின் சொந்த இணையத்தளங்கள் இருக்கின்றன. கடையின் பெயரை மாகாண மது, சூதாட்ட ஆணையத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஏற்கெனவே யாராவது இப்படி ஒன்றைக் குடித்துவிட்டு மயங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ 911ஐ அழையுங்கள். குழந்தை குடித்துவிட்டது என்றால் அறிகுறி தெரியும்வரை காத்திருக்கவே வேண்டாம். மற்ற நேரங்களில் நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1-844-764-7669. போத்தலை எறியாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எங்களிடம் மிச்சமிருந்த இரண்டையும் காவல்துறையிடம் ஒப்படைத்துவிட்டோம். கடை வேறு பெயரில், அதே மாம்பழப் படத்தோடு, இன்னும் திறந்திருக்கிறது.