முருங்கைக்கீரையா, முருங்கைப்பொடியா?

கோயம்பேட்டில் கீரைக்கட்டு வாங்குவதா, கடையில் பொடி வாங்குவதா என்று தயங்குபவர்கள், பச்சை முருங்கையிலையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீரே என்பதை முதலில் கருத வேண்டும்.

புரதம்: 100 கிராம் பச்சை இலையில் சுமார் 9 கிராமும், பொடியில் 25 கிராமை ஒட்டியும் இருக்கும். இது நீர் வெளியேறியதால் வந்த செறிவே அன்றி, உலர்த்துவதால் புதிதாக எதுவும் உண்டாவதில்லை. ஒரு வேளைக்குக் கீரையை 100 கிராம் உண்ணலாம், பொடியையோ ஒன்றிரண்டு தேக்கரண்டிக்கு மேல் எவரும் உண்பதில்லை என்பதைச் சொல்லாமல் 100 கிராம் கணக்கை மட்டும் காட்டும் விளம்பரங்கள் எனக்கு வருத்தம் தருகின்றன.

வைட்டமின் சி: பச்சை இலையில் மிகுதி, கொதித்தால் குறையும், பொடியில் பெரும்பகுதி போய்விடும்.

சுண்ணாம்பும் இரும்பும்: உலர்த்துவதால் அழிவதில்லை. இலையில் இயல்பாகவே உள்ள ஆக்சலேட், ஃபைட்டேட் என்னும் சேர்மங்கள் கீரை, பொடி இரண்டிலுமே அவற்றை உடல் ஏற்பதைக் குறைக்கும். சிறிது எலுமிச்சைச்சாறு இரும்பை ஏற்க உதவும்.

பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் நிறமி): வெயிலில் சிதையும் என்பதால், நிழலில் காய்ந்த பொடியே மேல்.

வைப்பு: கீரை ஓரிரு நாள், பொடி மாதக்கணக்கில், எனினும் ஐப்பசி மழையின் ஈரக்காற்று புகுந்தால் கட்டிபிடித்துப் பூஞ்சை படரும்.

ஆய்ந்து சமைக்க நேரமுள்ள வீட்டுக்குக் கீரையையே பரிந்துரைப்பேன். விடுதியில் தங்கிப் படிப்போருக்குப் பொடி போதும். இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே மிகுந்திருப்பதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோர் இரண்டில் எதையும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.