2,500 ரூபாய்க்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்: கிண்டி கன்சல்டன்சி அனுபவம்

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் இந்தக் கிண்டி கன்சல்டன்சிக்கு ஐந்துக்கு ஒன்றரை ஸ்டார் கொடுக்கிறேன். அதில் ஒரு முழு ஸ்டார் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு. மிச்ச அரை, மே மாத வெயிலில் வேலை செய்த ஏ.சி.க்கு.

நான் 2023 பேட்ச், பி.இ., இ.சி.இ. ஊர் துறையூர் பக்கம். ஒரே ஒரு அரியர் வைத்து, அடுத்த செமஸ்டரிலேயே எழுதி முடித்தேன். அந்த ஒன்றுதான் 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' என்று கேட்கும் ஒவ்வொரு ஆன்லைன் படிவத்திலும் என்னை வாசலோடு திருப்பி அனுப்பியது. நாங்கள் வெளியே வந்த நேரமும் அப்படி. 2023–24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலுமே ஆட்கள் குறைந்தார்கள்; இன்ஃபோசிஸில் மட்டும் கிட்டத்தட்ட 26,000 பேர். எட்டு மாதம் வீட்டில் இருந்து, சொந்தக்காரர்களின் 'இப்ப என்னம்மா பண்ற?' எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி ஓய்ந்த பிறகு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கு வந்தேன். ஹாஸ்டல் தோழி சொல்லித்தான் இந்த இடத்துக்குப் போனேன்.

மாடிப்படி ஏறியதும் ஒரு சுவர் முழுக்க ஆஃபர் லெட்டர்களை லேமினேட் செய்து ஒட்டியிருப்பார்கள். காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு வேறு வேலை இல்லை என்பதால் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆகப் புதியது 2019. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

உள்ளே இருந்த சார் என் ரெஸ்யூமை முப்பது விநாடி பார்த்திருப்பார். 'எக்ஸ்பெக்டட் சேலரி' கட்டத்தில் 18,000 என்று எழுதியிருந்தேன். பச்சைப் பேனாவால் அதை அடித்துவிட்டு 'நெகோஷியபிள்' என்று எழுதினார். "ஃப்ரெஷர்தானேமா, நம்பர் எல்லாம் போடக் கூடாது." பதிவுக் கட்டணம் 2,500. வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளத்தில் பாதி. மூன்று மாதத்தில் கிடைக்காவிட்டால் கட்டணம் ரீஃபண்ட். இது வாய்வார்த்தை, ரசீதில் அப்படி ஒரு வரியும் இல்லை. அப்பா ஜிபேயில் போட்டுவிட்டு, "ரசீது வாங்கிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

பணம் கட்டியதும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார்கள். நானூறு பேருக்கு மேல். தினமும் காலையில் 'குட் மார்னிங் கேண்டிடேட்ஸ்' என்று தொடங்கி வேலை அறிவிப்புகள் வரும். பாதிக்கு மேல் ஜாப் போர்ட்டலில் நானே பார்த்தவைதான், லோகோவை மட்டும் வெட்டியிருப்பார்கள்.

நேரடியாக அனுப்பிய இன்டர்வியூ ஒன்றே ஒன்று, ஒரகடத்தில். கிண்டியிலிருந்து தாம்பரத்துக்கு டிரெயின், அங்கிருந்து பஸ், இறங்கி வெயிலில் நடை. கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் நீட்டிய ரிஜிஸ்டரில், யார் அனுப்பி வந்தோம் என்று எழுத 'ரெஃபரன்ஸ்' என்று ஒரு கட்டம். எனக்கு முன்னால் இருந்த எல்லாரும் 'டைரக்ட்' என்று எழுதியிருந்தார்கள். கேட்டேன். "வாக்-இன்தானேமா, நோட்டீஸ் ஒட்டி நாலு நாளாச்சு" என்று சுவரைக் காட்டினார். உள்ளே லைன் இன்ஸ்பெக்ஷன் வேலை, தேர்ட் பார்ட்டி பேரோல் (சம்பளம் போடுவது அந்தக் கம்பெனி இல்லை, வேறொரு கம்பெனி), கையில் 13,500. நான் சரி என்றுதான் சொன்னேன். அவர்களுக்கு வேண்டியது டிப்ளமோ. "பி.இ. முடிச்சவங்க ஆறு மாசத்துல போயிடுறீங்க" என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் எச்.ஆர். மேடம். ஐ.டி.க்குப் போனால் அரியர் இடிக்கிறது, ஃபேக்டரிக்கு வந்தால் பட்டமே இடிக்கிறது.

2,500 போனால் போகிறது. "ப்ரொஃபைலை நாங்க மூவ் பண்ணிட்டு இருக்கோம், நீங்களா எங்கயும் அப்ளை பண்ணாதீங்க, டூப்ளிகேட் ஆயிடும்" என்றார்கள். அதை நம்பி மூன்று மாதம் எதற்கும் அப்ளை செய்யாமல் இருந்தேன். அதற்குத்தான் வயிறு எரிகிறது. ஒரே கம்பெனியின் ஒரே வேலைக்கு இரண்டு ஏஜென்சி வழியாக ஒரே ஆளின் ரெஸ்யூமே போனால் சிக்கல் வரும், அது நிஜம். ஆனால் எந்தக் கம்பெனிக்கு அனுப்பினார்கள் என்றே சொல்லாமல் ஊரில் உள்ள கதவையெல்லாம் சாத்தி வைப்பது என்ன நியாயம்? மூன்று மாத ஹாஸ்டல் வாடகை வேறு.

மூன்றாவது மாதம் ரீஃபண்ட் கேட்கப் போனபோது வேறு பேச்சு ஆரம்பித்தது. 25,000 கட்டி டெஸ்டிங் கோர்ஸ் சேர்ந்தால் 'இரண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்' சர்டிபிகேட்டோடு அனுப்புவார்களாம். வெளியே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ரிசப்ஷன் அக்கா குரலைத் தாழ்த்தி, "அத மட்டும் பண்ணாதம்மா. இப்பல்லாம் பி.எஃப். ஹிஸ்டரி பாக்குறாங்க" என்றார். உண்மைதான். வேலை பார்த்ததாகச் சொல்லும் கம்பெனி நமக்கு பி.எஃப். கட்டியிருந்தால், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பது யு.ஏ.என். என்ற நம் பி.எஃப். நம்பரில் தெரிந்துவிடும். பேப்பரில் இரண்டு வருஷம் இருந்து அங்கே ஒன்றும் இல்லை என்றால் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டிக்கொள்வோம், சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தாலும் அனுப்பிவிடுவார்கள். அந்த அக்காவும் பி.இ.தானாம், 2021 பேட்ச். இங்கே வேலை தேடி ரிஜிஸ்டர் செய்ய வந்தவர்.

அப்பா இடையில், எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்தால் மாதாமாதம் காசு வருமாமே என்று கேட்டார். பட்டதாரிக்கு 600 ரூபாய், அதுவும் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்த பிறகு. இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆனால் அதே ஆபீஸ் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். போன மாதம் ஒன்றுக்குப் போனேன், ஒரே நாளில் ஐந்து கம்பெனி எச்.ஆர்.களிடம் நேரில் பேசினேன். இரண்டு பேர் சம்பளத்தைக் கேட்காமலே சொன்னார்கள். ஒன்றில் இரண்டாவது ரவுண்ட் வரும் வியாழக்கிழமை.

ரீஃபண்ட் கேட்டு அனுப்பிய மெசேஜில் நீல டிக் விழுந்து பத்தொன்பது நாள் ஆகிறது. நேற்று அதே நம்பரின் ஸ்டேட்டஸில், 'அர்ஜென்ட்! 50 ஃப்ரெஷர்ஸ் தேவை, ரிஜிஸ்ட்ரேஷன் இன்று மட்டும் 1,999.'