உங்கள் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் யாருடைய மேசையில் இருக்கிறது?

நானும் என் தம்பியும் காசிமேட்டில் மீன்வலை, கயிறு வியாபாரம் செய்கிறோம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தோம். பதிவு, கணக்குத் தாக்கல் எல்லாவற்றையும் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கன்சல்டன்ட் பார்த்துக்கொண்டார். இணையத்தில் தாக்கல் செய்யும் படிவங்களில் போட எங்கள் பெயரில் டிஜிட்டல் கையொப்பம் வாங்கியவரும் அவரே. அந்தக் கையொப்பம் ஒரு டோக்கனில் இருக்கும், பார்க்கப் பென் டிரைவ் போல. அதை அவர் எங்களிடம் கொடுக்கவே இல்லை. "உங்களுக்கு எதற்கு அண்ணா அலைச்சல், இங்கேயே இருக்கட்டும்" என்றார். புதுப்பிக்கும் காலம் வந்தால் வீடியோவில் முகம் காட்டச் சொல்வார், ஓடிபி கேட்பார். நானும் கடையில் நின்றபடியே சொல்லிவிடுவேன்.

சென்ற மாதம் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கம்பெனி இயக்குநர் ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்தான் இயக்குநர் எண். என் எண்ணுக்குக் கீழே இரண்டு கம்பெனிகள் இருந்தன. இரண்டாவதன் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அது இரண்டு ஆண்டுகளாகக் கணக்கே தாக்கல் செய்யவில்லை. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால், 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி அதன் இயக்குநர்கள் 5 ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். எங்கள் பிழைப்பே அதோடு நின்றிருக்கும்.

நேராகக் கன்சல்டன்ட் அலுவலகத்துக்குப் போய் டோக்கனைக் கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே இருபதுக்கும் மேற்பட்ட டோக்கன்கள். ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு துண்டுச் சீட்டு, அதில் பெயரும் பின் நம்பரும். என் சீட்டில் 12345678 என்று இருந்தது. அந்த இரண்டாவது கம்பெனியில் இயக்குநராகச் சேரச் சம்மதம் என்ற படிவத்தில் என் கையொப்பம் விழுந்தது எப்படி என்று கேட்டேன். "பையன் தவறாகப் போட்டிருப்பான்" என்றார். அந்தப் பதிலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டோக்கனுக்குள் இருக்கும் ரகசியச் சாவியை, அதாவது கையொப்பத்தை உருவாக்கும் ரகசியக் குறியீட்டை, நகலெடுக்க முடியாதபடிதான் அதைச் செய்கிறார்கள். ஆனால் டோக்கனும் பின் நம்பரும் ஒரே கையில் இருந்தால் நகல் எதற்கு? 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 42-ஆவது பிரிவில், சாவியைக் காக்கும் பொறுப்பைக் கையொப்பத்துக்கு உரியவர்மீதுதான் வைக்கிறது. அதே சட்டத்தின் 66சி பிரிவுப்படி, பிறர் மின் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழை வழங்கிய நிறுவனத்திடம் சொல்லி அன்றே அதை ரத்து செய்தேன். ரத்து செய்வதால் அதற்கு முன் போட்ட கையொப்பங்கள் அழிந்துவிடுவதில்லை. அதனால் சைபர் குற்றப் பிரிவிலும், ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் உள்ள கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் டோக்கனை இன்றே போய் வாங்குங்கள். பின் நம்பரை நீங்களே மாற்றுங்கள். கையொப்பம் போட வேண்டிய நாளில் நீங்களே எடுத்துப் போய், படிவத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் உங்கள் இயக்குநர் எண்ணைக் கொடுத்து, எந்தெந்தக் கம்பெனியில் உங்கள் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஓடிபி கேட்டால், எதற்கு என்று தெரியாமல் சொல்லாதீர்கள்.

அந்த டப்பாவில் எங்கள் தெரு ஐஸ் வியாபாரி ஒருவரின் பெயரையும் பார்த்தேன். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "பத்து வருடப் பழக்கம், எப்படிப் போய்க் கேட்பது?" என்று தயங்கினார். நாளைக் காலை நானே அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.