பதப்படுத்திய கல் மூங்கில்: கழிக்கு நாலு ஸ்டார், கூட வந்த போல்ட்டுக்கு ஒன்று

‘இரும்பை விடப் பலம் சார்’ என்று கடையில் சொல்வார்கள். அதை நம்பாமல் வாங்குங்கள். சரக்கு நல்ல சரக்குதான்.

மொட்டை மாடிக் கொட்டகைக்கு இரண்டரை அங்குலக் கழிகள் எடுத்தேன். அந்த இரும்புக் கதை, நார் ஓடும் திசையில் இழுத்து, எடைக்கு எடை பார்த்தால் சரி. ஆனால் கைமரத்தை யார் இழுக்கிறார்கள்? அது வளையும். விறைப்பில் மூங்கில் இரும்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. முறிவது அப்புறம், முதலில் தொய்யும். அதனால் எங்கள் தச்சர் இரண்டடிக்கு ஒன்றாக நெருக்கிப் போட்டார். கீற்று வேய்ந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது, தொய்வு இல்லை.

கழியை அறுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக் கெட்டி, நுனிப்பக்கம்தான் சின்னத் துளை. நார் அடர்ந்திருப்பது வெளித்தோல் ஓரத்தில். தோல் சீவி வார்னிஷ் அடித்த கழிகளும் அதே கடையில் கூடுதல் விலைக்கு இருக்கின்றன. பலத்தைச் சீவி எறிவதற்குக் காசா என்று விட்டுவிட்டேன். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறியது என்றார்கள். மூங்கிலின் மாவுச்சத்துக்குத்தான் வண்டு வரும், துளைத்து மாவாகக் கொட்டும். இதுவரை கொட்டவில்லை. ஆனால் அந்த மருந்து மழைத்தண்ணீரில் கரைந்து போகிற ஜாதி. கூரையை வெளியே நன்றாக நீட்டுங்கள், கால்களைக் கான்கிரீட் பீடத்தில் நிறுத்துங்கள். மண்ணில் நடவே கூடாது.

இப்போது போல்ட். செட்டோடு வந்த வாஷர் எட்டணாக் காசு அளவு. முடுக்கியதும் ஒரு கழி நெடுகப் பிளந்தது. மூங்கிலுக்கு இதுதான் பலவீனம்: நாருக்கு நார் பிடிப்பு குறைவு. “கணுவ ஒட்டித் துளை போடணும் சார், நடுவுல போட்டா வெறகாயிரும்” என்றார் தச்சர். அகல வாஷரும் இரும்புப் பட்டையும் வெளியே வாங்கி மாட்டினோம். மூங்கில் கட்டுமானத்துக்கென்றே ஐ.எஸ். 15912 என்று இந்தியத் தரநிலை உண்டு. கடையில் கேட்டதற்கு, “அது பில் நம்பருங்களா?” என்றார்கள்.

விலை சவுக்குக் கம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மூன்று வயதுக்குக் குறைந்த கழி காய்ந்தால் சுருங்கும், எனவே வெட்டிய வயதைக் கேட்டு வாங்குங்கள். கீற்றுக்கும் தகரத்துக்கும் தாராளமாக எடுக்கலாம். ஓடு போடுகிறவர்கள் ஒரு என்ஜினியரிடம் காட்டாமல் இறங்க வேண்டாம்.