பழைய டர்ன்டேபிள் வாங்குகிறவர்களே, அடிப்பக்கத்தைப் பாருங்கள்: அரை மாதச் சம்பளம் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் "போகட்டும் போ" என்று விட்டுவிடுவேன், எனக்கு விற்ற ஆளுக்கு வேண்டியதும் அதுதான். அரை மாதச் சம்பளம் கொடுத்து ஒரு பழைய டர்ன்டேபிள் (வினைல் இசைத்தட்டு ஓட்டும் பெட்டி) வாங்கினேன். இப்போது அது மேஜைமேல் இருக்கிறது. சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது. பாட்டு மட்டும் கேட்க முடியாது. விற்றவர் ஃபோனை எடுப்பதில்லை. விற்ற இணையதளம் "இது தனிநபர்களுக்கு இடையிலான விற்பனை" என்று கைகழுவிவிட்டது. தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தனி ஆட்கள் தங்கள் பழைய பொருளைப் போட்டோ எடுத்துப் போட்டு விற்கும் தளங்களில் ஒன்று, அவ்வளவுதான். குறைந்த பணத்தில் நல்ல பழைய டர்ன்டேபிளைப் பார்த்து வாங்குவது எப்படி என்றும் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சூட்கேஸ் மாதிரி மலிவாக வரும் புதுப் பெட்டிகள் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். அவற்றில் பலவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைப் பிடித்து அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ்). ஊசி இசைத்தட்டின் மேல் 5, 6 கிராம் எடையில் அழுத்தும். நல்ல மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு 1.5 முதல் 2 கிராம் போதும். அதே பணத்துக்கு எழுபதுகளில் வந்த ஒரு பெல்ட் டிரைவ் (மோட்டார் ரப்பர் பெல்ட்டால் சுற்றவைக்கும் பெட்டி) கிடைத்தால் கனமான பிளாட்டர் (தட்டு வைக்கும் சுழல் வட்டம்) கிடைக்கும், ஊசியின் எடையைத் திருத்திக்கொள்ளக்கூடிய கை (ஊசியைத் தாங்கும் தண்டு) கிடைக்கும், பிறகு காசு சேரும்போது கார்ட்ரிட்ஜையும் மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கணக்கு இன்றும் சரியான கணக்குதான். அதில் அடங்காமல் போனது அந்த ஆள்.

"முழுசா சர்வீஸ் பண்ணினது, புது பெல்ட், புது ஊசி" என்று விளம்பரம். அந்தக் காலத்தில் நல்ல பெயர் வாங்கிய ஒரு கம்பெனியின் பெட்டி. (கம்பெனி பெயரும் வேண்டாம். செய்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.) ஃபோன் செய்தேன். என்ன பேச்சு பேசினார் தெரியுமா! மாமா ஆசையாக வைத்திருந்தது, வீட்டில் இடமில்லை, தட்டின் அருமை தெரிந்தவருக்குத்தான் கொடுப்பேன் என்றெல்லாம். நான் கேட்காமலே ஒரு வீடியோவும் அனுப்பினார். பிளாட்டர் ஓரத்துப் புள்ளிகள் சின்ன விளக்கின் ஒளியில் அசையாமல் நின்றன. "புள்ளி நிக்குது பாருங்க அண்ணே, வேகம் பக்கா." பின்னணியில் பாட்டு சுத்தமாகக் கேட்டது.

அப்புறம் அவரே சொன்னார்: "அண்ணே, ஒண்ணை மறைக்க மாட்டேன். இது வெளிநாட்டுப் பெட்டி, 117 வோல்ட். நேரா பிளக்குல சொருகிடாதீங்க, எரிஞ்சுடும். நானே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சேர்த்து அனுப்பறேன், அதுக்குக் காசு வேண்டாம்."

நம்பிக்கை வந்த இடம் இதுதான். தன் பொருளின் குறையைத் தானே சொல்லி, அதற்கு மருந்தையும் இலவசமாகக் கொடுக்கிற விற்பனைக்காரரை எங்கே பார்க்கிறோம்? அன்று இரவே தளத்தின் வழியாகப் பணம் கட்டினேன். அரை மாதச் சம்பளம், ஒரே தவணையில். அதுவரை நான் "அண்ணே". பணம் போய்ச் சேர்ந்த மறுநாள் "சார்" ஆனேன். இப்போது ஒன்றுமே இல்லை.

பெட்டி வந்தது. பிளாட்டரைக் கழற்றாமல் அப்படியே கட்டியிருந்தார்கள், கையை ஒரு ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார்கள், மூடியில் ஒரு விரிசல். சரி, போகட்டும் என்று விட்டேன். எல்லாவற்றையும் பொருத்தி முதல் தட்டைப் போட்டேன். பாடிய பெண்ணின் குரல் ஆண்குரலாக வந்தது. தாளம் இழுத்தது. சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கியிருந்தது. பாட்டே தெரியாதவர் கேட்டால் மெதுவான சோகப் பாட்டு என்று நினைப்பார். தெரிந்தவருக்கு உடம்பு கூசும்.

வேகத்தை அளக்க ஒரு கருவியும் வேண்டாம். எல்பி எனும் பெரிய தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டும், அப்படியென்றால் 3 நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று. பிளாட்டர் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி எண்ணினேன். 83. வேகம் திருத்தும் குமிழ் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசி வரை திருப்பினால் 6 சதவீதம் போல ஏறும். இங்கே ஏற வேண்டியது 20 சதவீதம். ஆனால் விளக்கில் பார்த்தால் புள்ளிகள் அசையாமல் நிற்கின்றன!

பெட்டியைக் கவிழ்த்தேன். மின்சார விவரம் அச்சடித்த தகட்டின் மேல் "சர்வீஸ் செய்யப்பட்டது" என்று ஒரு ஸ்டிக்கர். 117 வோல்ட் என்ற வரி தெரிகிறது, அதற்கடுத்த வரி மட்டும் ஸ்டிக்கருக்குள். உரித்தேன். 60 ஹெர்ட்ஸ். என் வீட்டில் வருவது 50.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து பெல்ட் டிரைவ் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஏசி சிங்க்ரோனஸ் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ் இல்லை, மின்சாரத்தின் அலைவெண் (வினாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கு). அமெரிக்கா, கனடா, தென்கொரியாவில் 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 50. ஜப்பானில் இரண்டும் உண்டு, டோக்கியோவில் 50, ஒசாகாவில் 60. 60-க்காகச் செய்த மோட்டாரை 50-ல் ஓட்டினால் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். 33⅓ சுற்ற வேண்டியது 27.8 சுற்றும். 20 நிமிடப் பக்கம் 24 நிமிடம் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், அலைவெண்ணைத் தொடாது. உள்ளே போவது அதே 50 தான். ஆக, அந்த இலவச டிரான்ஸ்ஃபார்மர் என் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக வந்தது, வேகத்தைத் தீர்ப்பதற்காக இல்லை.

புள்ளிகள் நின்ற மர்மமும் அதில்தான் இருக்கிறது. அந்தச் சின்ன விளக்கு வீட்டு மின்சாரத்தின் துடிப்பிலேயே மின்னி மின்னி எரிகிறது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவானால் விளக்கின் துடிப்பும் அதே அளவு மெதுவாகும். 60-க்கான புள்ளி வரிசை 50-லும் நின்றபடியே தெரியும். வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஊசியின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. உறையோடு இருக்கிற ஊசி தட்டைத் தொடவே தொடாது. பாட்டு வேறு எங்கிருந்தோ ஓடியிருக்கிறது. வேகம் சரியில்லை என்று தெரிந்த ஆளுக்குத்தான் வேறு இடத்திலிருந்து பாட்டு ஓட்ட வேண்டிய தேவை வரும்.

ஃபோன் செய்தேன். முதல் பதில்: "பெல்ட் புதுசு சார், இறுக்கமா இருக்கும், கொஞ்ச நாள் ஓடினா சரியாயிடும்." பெல்ட் இறுக்கமாக இருந்தால் சரியாக ஆறில் ஒரு பங்கா குறையும்? அடுத்து: "உங்க ஏரியா கரண்ட் வீக் சார்." அதற்கடுத்து: "45-ல வச்சுக் கேட்டுப் பாருங்க." அதையும் செய்தேன். 45 என்பது சின்னத் தட்டுகளுக்கான வேகம், நிமிடத்துக்கு 45 சுற்று. அதில் ஆறில் ஒரு பங்கு போனால் 37.5. இப்போது எல்பியில் எல்லோரும் அவசர அவசரமாகக் கீச்சுக்குரலில் பாடினார்கள். அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது இதற்குப் பிறகுதான். "வினைல்னா அப்படித்தான் சார், அது வார்ம் சவுண்ட். நீங்க டிஜிட்டல்ல கேட்டே பழகிட்டீங்க." அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு என் காதைக் குறை சொல்கிறார்! ஸ்டிக்கரை உரித்த தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்தார், பார்த்ததற்கான அடையாளம் விழுந்தது. அதோடு அவருடைய படம் என் ஃபோனில் காணாமல் போனது. பிளாக்.

தளத்தில் புகார் கொடுத்தேன். முதலில் ஒரு இயந்திரம் பேசியது, பிறகு இயந்திரம் மாதிரியே ஒரு மனிதர் பேசினார். வீடியோ ஆதாரம் கேட்டார்கள். 3 நிமிடம் ஓட்டி, சுற்றுகளைச் சத்தமாக எண்ணி, பக்கத்தில் கடிகாரத்தையும் வைத்து எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "பொருள் சுற்றுவது காணொளியில் தெரிகிறது. 'இயங்கும் நிலையில் உள்ளது' என்ற விவரணைக்கு முரண் இல்லை. புகார் முடிக்கப்பட்டது." நான் கொடுத்த ஆதாரத்தையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு ஒரு படிவம் இருக்கிறது. நிரப்பி அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல்.

பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். தகட்டைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "புல்லிதான் தம்பி மாத்தணும்." மோட்டார் தண்டில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரமான புல்லியை 1.2 மடங்கு பெரிதாக்கினால் வேகம் சரியாகும். அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் 50-க்கு ஒன்று, 60-க்கு ஒன்று என்று தனித்தனிப் புல்லி செய்தன. என் மாடலுக்கு இப்போது கிடைக்கவில்லை. லேத்தில் கடையலாம், ஆனால் 10 மில்லிமீட்டர் புல்லியில் 0.1 மில்லிமீட்டர் பிசகினாலும் வேகம் 1 சதவீதம் தப்பும் என்றார். 60 ஹெர்ட்ஸை உண்டாக்கித் தரும் மின்சாதனங்களும் இருக்கின்றன, அதற்கு ஆகும் காசில் இன்னொரு பெட்டி வாங்கிவிடலாம்.

அவர்தான் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். ஊசி பிடிக்கும் தலைப்பகுதியின் மேல் ஒரு நாணயத்தை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள், அந்தத் தலைப்பகுதி மாதிரியே கறுப்பு டேப். ஊசி தேய்ந்து பள்ளத்தில் நிற்காமல் வழுக்குவதால் மேலே பாரம். "புது ஊசி" என்றது இதைத்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் முனை ஒருபக்கம் மழுங்கித் தட்டையாகத் தெரிகிறது. ஸ, ஷ வரும் இடங்களிலெல்லாம் சீறியதற்கு இதுதான் காரணம். அந்த ஊசியால் நான் ஓட்டிய தட்டுகளின் பள்ளம் என்ன ஆனதோ, அந்த நஷ்டத்தை அரை மாதச் சம்பளத்தோடு நான் இன்னும் கூட்டவில்லை.

நேற்று அதே தளத்தில் அதே மேஜை, அதே சுவர், வேறு பெயரில் ஒரு கணக்கு. "முழுசா சர்வீஸ் பண்ணினது. டிரான்ஸ்ஃபார்மர் இலவசம்." பார்த்ததும் புகார் கொடுத்தேன். இதை எழுதும்போதும் விளம்பரம் அங்கேயேதான் இருக்கிறது.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போதைக்கு மனநிலை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவு.

அடிப்பக்கத் தகட்டின் போட்டோ கேளுங்கள், ஸ்டிக்கர் இல்லாமல், இரண்டு வரியும் தெரிகிற மாதிரி. வோல்டேஜ் மட்டும் பார்த்தால் போதாது, ஹெர்ட்ஸ் முக்கியம். 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 மாதிரி குவார்ட்ஸ் படிகத்தின் கட்டுப்பாட்டில் ஓடும் டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுற்றவைப்பது) என்றால் அலைவெண் கவலை இல்லை, வோல்டேஜ் மட்டும் பொருந்தினால் சரி. ஆனால் அது குறைந்த பணத்தில் அகப்படுவது சுலபமில்லை.

விளக்கில் புள்ளி நிற்பதை நம்பாதீர்கள். 3 நிமிடம் வெட்டாத வீடியோ கேட்டு 100 சுற்று வருகிறதா என்று நீங்களே எண்ணுங்கள்.

புது ஊசி என்றால் வாங்கிய ரசீது கேளுங்கள். ஷூர் கம்பெனி 2018-லேயே கார்ட்ரிட்ஜ் செய்வதை நிறுத்திவிட்டது. "இப்பத்தான் கம்பெனியில இருந்து வந்த ஷூர் ஊசி" என்று யாராவது சொன்னால் அது பழைய இருப்பாகவோ வேறு யாரோ செய்ததாகவோதான் இருக்கும். புது ஊசிக்கும், உங்கள் ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ வழி (டர்ன்டேபிளுக்கான இணைப்பு) இல்லையென்றால் ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப்புக்கும் (கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கித் தரும் பெட்டி) முதலிலேயே காசு ஒதுக்கிவிடுங்கள். கையின் பின்னால் இருக்கும் எடைக்கல் அதே மாடலுடையதா என்று பாருங்கள், தொலைந்திருந்தால் வேறொன்று சுலபத்தில் பொருந்தாது.

பார்சலில் வருகிறதென்றால் பிளாட்டரையும் எடைக்கல்லையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேண்டாம் அண்ணே, அப்படியே பத்திரமா வந்துடும்" என்று பதில் வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.