தாயைப் பார்த்துச் சேவல் எடு: சிறுவிடைக் கூட்டத்தைத் தேற்ற எந்த வழி?

மார்கழி மாதத்து ராத்திரி. ஏழு நாளாக அடையில் இருந்த பெட்டையை மெல்லத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக செல்போன் டார்ச்சின் மேல் வைத்துப் பார்த்தேன். நல்ல முட்டையென்றால் உள்ளே ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக் கால் மாதிரி ரத்த நரம்புகளும் தெரியும். ஒன்றுமே இல்லாமல் பளிச்சென்று மஞ்சளாகத் தெரிந்தால் கருக்கூடாத முட்டை. நரம்பெல்லாம் கலைந்து சிவப்பாக ஒரு வளையம் மட்டும் நின்றால், கரு பிடித்துச் சில நாளிலேயே செத்துவிட்டது என்று அர்த்தம். 14 முட்டையில் 5 நல்லது, 3 வெறுமை, 6 வளையம்.

முட்டை எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் பழையதில்லை. மார்கழியில் வெயிலைக் குறை சொல்ல முடியாது. பெட்டையும் தீனிக்குத் தவிர எழுந்திரிக்கவில்லை. மிச்சம் இருந்த காரணம் ஒன்றுதான். என் சேவல் அந்தப் பெட்டைகளில் பாதிக்கு உடன்பிறந்தவன், ஒன்றிரண்டுக்கு மகன். மூன்று தலைமுறையாக வெளியிலிருந்து ஒரு இறகுகூட உள்ளே வரவில்லை.

நான் வளர்ப்பது சிறுவிடை, சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி. அது சிறுவிடையாகவே இருக்க வேண்டும், அதே சமயம் எடையும் முட்டையும் பொரிப்பும் தேற வேண்டும். அதற்கு ஐந்து வழி சொல்கிறார்கள். (எது அசல் சிறுவிடை என்பதில் ஊருக்கு ஒரு கருத்து உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.) ஒன்றைத் தவிர மற்ற நாலையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சொந்தச் சேவலே போதும்

செலவில்லாத வழி. இருக்கிற குஞ்சில் கம்பீரமான சேவலை நிறுத்திவிட்டு மற்றதை விற்றுவிடுவது. நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். முன்பு இது ஓடியதற்குக் காரணம், கோழி தெருவில் மேய்ந்தது. பக்கத்து வீட்டுச் சேவல் வேலி தாண்டி வந்து தன் பங்கைச் செலுத்திவிட்டுப் போகும். இப்போது கம்பி வலை கட்டி அடைத்துவிட்டோம், அந்தக் கலப்பு நின்றுவிட்டது.

ஒரு கணக்கு இருக்கிறது. சேவல் எண்ணிக்கையை 8ஆல் பெருக்கி, 1ஐ அதனால் வகுக்க வேண்டும். பெட்டைக்கும் அப்படியே செய்து, இரண்டையும் கூட்டினால், ஒரு தலைமுறைக்கு ரத்த நெருக்கம் எவ்வளவு ஏறும் என்று தெரியும். 1 சேவல், 10 பெட்டை என்றால் கிட்டத்தட்ட 14 சதவீதம். தாய் வேறு, தகப்பன் ஒன்று என்று பிறந்த பிள்ளைகளைச் சேர்த்தால் வருவது 12.5. ஆக, வருஷா வருஷம் அதைவிட ஒருபடி மேலேயே செய்துகொண்டிருக்கிறோம். பெட்டையை 20 ஆக்கினாலும் 13க்குத்தான் இறங்குகிறது. சேவலை 3 ஆக்கினால், பெட்டை அதே 10 இருந்தாலும், ஐந்தரைக்குக் கீழே வந்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான், பெட்டையை மட்டும் பெருக்கிக்கொண்டே போன என் புத்திசாலித்தனம் புரிந்தது.

ஆனால் மூன்று சேவலை ஒரே கூட்டில் விட்டால் அது மூன்றாகாது. ஒருவன் மற்ற இருவரையும் மூலையில் நிறுத்திவிட்டு, குஞ்சில் முக்கால்வாசிக்குத் தானே தகப்பன் ஆகிவிடுவான்.

சந்தையில் புதுச் சேவல்

ரத்தம் நெருங்கிவிட்டது என்று தெரிந்தவுடன் எல்லோரும் சொல்வது, ‘வேற சேவல் மாத்திப் பாருங்க.’ பலன் உடனே தெரியும் என்பது உண்மை. முதல் பொரிப்பிலேயே குஞ்சு எண்ணிக்கையும் சுறுசுறுப்பும் கூடும். நானும் வாரச்சந்தையில் ஒரு செவலைச் சேவலை வாங்கி வந்து, அன்று சாயங்காலமே கூட்டத்தில் விட்டேன். ஐந்தாம் நாள் இரண்டு பெட்டை இறக்கையைத் தொங்கவிட்டு நின்றன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், அப்புறம் ஒன்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. ராணிக்கெட், நம் வழக்கில் வெள்ளைக்கழிச்சல். 23 கோழியில் 9 மிஞ்சின. சேவலைக் குறை சொல்லிப் பயனில்லை. தடுப்பூசி போடாத சோம்பேறித்தனமும், மூன்று நாலு வாரம் தனியாக அடைத்து வைக்காத அவசரமும் என்னுடையவை.

நோய் பிடிக்காமல் தப்பினாலும் இந்த வழியில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு முறை வெளிச்சேவல் வரும்போதும் கூட்டத்தின் பழைய ரத்தம் பாதியாகும். மூன்று தலைமுறை தொடர்ந்து மாற்றினால் எட்டில் ஒரு பங்குதான் நம்முடையது. மிச்சம் எட்டில் ஏழும் முன்பின் தெரியாத மூன்று சேவல்கள் கொண்டுவந்தவை. பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பெட்டைகளின் குணம் அதில் கரைந்துபோகும். தேர்வு என்று நாம் செய்வதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

ஐந்தாறு பெட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு வேறு வழியில்லை, வெளி ரத்தம் வந்தே ஆகவேண்டும். அவருக்கு என் யோசனை, சேவலாக வாங்காதீர்கள். கோழியை நேரில் பார்த்த ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு முட்டை வாங்கி, உங்கள் அடைக்கோழிக்கே வையுங்கள். முட்டை வழியாக இறங்கும் சில நோயும் உண்டு என்பதால் அது ஆரோக்கியமான கூட்டமாக இருக்க வேண்டும். ஆனால் சந்தை நோய் மொத்தமாக வீட்டுக்குள் நுழையாது. அந்தக் குஞ்சு சேவலாக நிற்க ஆறேழு மாதம் ஆகும், அவ்வளவுதான்.

பெரிய இனத்தோடு கலப்பது

பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழியான பெருவிடையின் சேவலையோ, ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககத்தின் வனராஜா போன்ற ரகத்தையோ சேர்ப்பது. முதல் தலைமுறைக் குஞ்சு மளமளவென்று வளரும், கறிக்கு விற்க வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதிலிருந்து தாய்க்கோழி நிறுத்தக் கூடாது. அடுத்த தலைமுறையில் ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று அடைக்கு உட்காரும், ஒன்று திரும்பிக்கூடப் பார்க்காது. கலந்ததைப் பிரித்தெடுக்க முடியாது. இனத்தைத் தேற்றும் பேச்சில் இதற்கு இடமே இல்லை, பலர் கேட்பதால் சொன்னேன்.

லைன் பிரீடிங்

நான் செய்யாத வழி இதுதான். ஒரு அருமையான சேவல் கிடைத்துவிட்டால் அவன் ரத்தத்தை விடாமல் பிடித்து வைப்பது. அவனை மகளோடு சேர்ப்பது, பிறகு பேத்தியோடு. இன்னொரு பக்கம் மகனைத் தாயோடு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஃபெல்ச் என்ற கோழி வளர்ப்பாளர் ஒரே ஜோடியிலிருந்து பல தலைமுறைக்கு இப்படிக் கட்டம் போட்டுக் காட்டினார். கண்காட்சிக் கோழிக்காரர்கள் இன்றும் அந்தக் கட்டத்தைப் பேசுகிறார்கள். நம் பக்கம் பெருவிடையில் கொண்டையும் மூக்கும் நிறமும் ஒரே அச்சில் வர வேண்டும் என்று நினைப்பவர்களும் இந்த வழியில்தான் போகிறார்கள்.

அச்சு நிற்கும், சந்தேகமில்லை. அப்பன் மகள் சேர்க்கையில் ஒரே தாவலில் ரத்த நெருக்கம் 25 சதவீதம். நல்ல குணம் இரட்டிப்பாவது போலவே ஒளிந்திருந்த கெட்டதும் இரட்டிப்பாகி வெளியே வரும்: கோணல் விரல், வளைந்த நெஞ்செலும்பு, பொரியாத முட்டை. வந்ததையெல்லாம் தயங்காமல் கழிக்க வேண்டும். 50 குஞ்சு பொரித்து 5ஐ நிறுத்துகிற மனசும் இடமும் தீவனமும் உள்ளவருக்கு இது ஆயுதம். வருஷத்துக்கு 30 குஞ்சு பார்க்கிற என்னை மாதிரி ஆளுக்கு, சின்னப் பையன் கையில் அரிவாள்.

மூன்று கூட்டம், வீட்டோடு மாப்பிள்ளை

நான் இப்போது நிற்பது இதில். கேட்டால் சிக்கலாகத் தோன்றும், செய்தால் எளிது. கோழிகளை மூன்று கூட்டமாகப் பிரித்துவிட்டேன். அடையாளத்துக்குச் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பேர். ஒவ்வொன்றிலும் ஒரு சேவல், ஐந்து பெட்டை. பெட்டைக் குஞ்சு பிறந்த கூட்டத்திலேயே இருக்கும், எங்கும் போகாது. சேவல் குஞ்சுதான் இடம் மாறும். சிவப்பில் பிறந்த சேவல் மஞ்சளுக்கு, மஞ்சளில் பிறந்தவன் வெள்ளைக்கு, வெள்ளையில் பிறந்தவன் சிவப்புக்கு. வருஷா வருஷம் இதே திசை. பங்காளிக்குள் சம்பந்தம் கூடாது என்பது எந்த ஊரிலும் உள்ள கட்டுதானே. கோழியில் அதை வீட்டோடு மாப்பிள்ளை முறையில் செய்கிறோம்.

சில தலைமுறை போனால் இதிலும் தூரத்துச் சொந்தம் கலக்கும். ஆனால் மெதுவாக. மூன்று சேவலும் தனித்தனிக் கூட்டில் இருப்பதால் முன்னே சொன்ன அதட்டல் வேலையும் நடக்காது. வெளிச்சேவல் தேவைப்படாததால் நோய் பயமும் குறைவு, தேர்ந்தெடுத்த குணமும் வெளியே போகாது.

இதன் தொல்லை அடையாளம் வைப்பதில்தான். முட்டையில் பென்சிலால் எழுத்துப் போட வேண்டும், ஒரு அடைக்கு ஒரே கூட்டத்து முட்டைதான் வைக்க வேண்டும். பொரித்த குஞ்சுக்குக் காலில் கலர் கேபிள் டை. குஞ்சு வளர வளர அதை வெட்டிப் பெரிதாகப் போட வேண்டும். முதல் வருஷம் ஒரு பெட்டைக்கு மறந்துவிட்டேன். சதைக்குள் இறங்கி, நகவெட்டியால் வெட்டி எடுக்கிற அளவுக்குப் போய்விட்டது. விரலிடைச் சவ்வில் சின்னத் துளை போட்டுவிட்டால் இந்த வம்பு இல்லை, ஆனால் என் மனைவி அதற்குச் சம்மதிக்கவில்லை.

சேவல் மாற்றும்போது கவனிக்க இன்னொன்று. பெட்டையின் உடம்புக்குள் பழைய சேவலின் விந்து இரண்டு வாரம் வரை, சில சமயம் அதற்கு மேலும், உயிரோடு இருக்கும். புதியவனை விட்டு மூன்று வாரம் கழித்து இடுகிற முட்டையைத்தான் அடைக்கு எடுக்க வேண்டும்.

சரி, எந்தச் சேவலை?

மேலே சொன்ன எந்த வழியில் போனாலும், நிறுத்துகிற சேவல் சரியில்லையென்றால் வெறும் சுற்றல்தான். இங்கேதான் நான் ரொம்ப வருஷம் ஏமாந்தேன். பெரிய கொண்டை, நீண்ட வால், வாசலில் நின்றால் வருகிறவன் பார்க்க வேண்டும். எங்கள் தெருக்கோடியில் நாற்பது வருஷமாகக் கோழி வளர்க்கிற பெரியவர் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். “தம்பி, சேவலு முட்டையா போடப் போவுது? அவனப் பாக்காத, அவன் ஆத்தாளப் பாரு.”

தாயைப் பார்த்துப் பெண்ணெடு என்பார்கள். கோழியில் தாயைப் பார்த்து மாப்பிள்ளை எடுக்க வேண்டும். இதற்குக் கணக்கும் உண்டு. உடல் எடை பெற்றோரிடமிருந்து நன்றாகவே இறங்கும். 12 வாரத்தில் கூட்டத்தின் சராசரி 600 கிராம், நாம் நிறுத்திய சேவல், பெட்டை இரண்டின் சராசரி 700 என்றால், அந்த 100 கிராம் வித்தியாசத்தில் 40 கிராம் போல அடுத்த தலைமுறைக்கு வரும். முட்டை எண்ணிக்கை அப்படி இறங்காது, ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வருஷம் 50 முட்டை போடும் கூட்டத்தில் 62 போடும் பெட்டைகளாகப் பொறுக்கினாலும், சேவல் ஏதோ ஒன்றாக இருந்தால் கிடைப்பது ஒரு முட்டைக்குச் சற்று மேல். சேவலும் நல்ல தாயின் மகனாக இருந்தால்தான் அந்தப் பக்கமும் தராசு ஏறும். பொரிப்புத் திறன் இதைவிடக் குறைவாகத்தான் இறங்கும். அதைத் தேர்வால் கூட்டுவதைவிட, ரத்தம் நெருங்காமல் பார்த்துக்கொள்வதுதான் லாபம்.

முட்டை எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. அதிக முட்டை போடுகிறவள் பெரும்பாலும் அடைக்கு உட்காராதவள். பண்ணைகளில் முட்டைக்கு வளர்க்கும் வெள்ளை லெகார்ன் அப்படித்தான் அடையை மறந்த கோழி ஆனது. வருஷா வருஷம் அவள் மகனையே நிறுத்தினால், கடைசியில் இன்குபேட்டர் வாங்க வேண்டியிருக்கும். அதனால் என் நோட்டில் இப்போது முட்டைக் கணக்கு இரண்டாம் பட்சம். ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரே எண்: வருஷத்தில் எட்டு வாரம் தாண்டி எத்தனை குஞ்சை நிறுத்தினாள்? முட்டை, அடை, பொரிப்பு, பருந்திடமிருந்து குஞ்சைக் காப்பது, எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் வந்துவிடும். போன வருஷம் முதல் இடம் 19. பார்க்க ஒன்றுமில்லாத, சாம்பல் நிறத்து, ஒன்றேகால் கிலோப் பெட்டை. மஞ்சள் கூட்டத்துக்காரி.

அவள் மகன் இப்போது வெள்ளைக் கூட்டில் இருக்கிறான். கொண்டை சுமார்தான், வாலும் பெரிதில்லை. அங்கே இருந்த பழைய சேவலைத் தனியாகப் பஞ்சாரம் போட்டு மூடி வைத்திருக்கிறேன். குழம்புக்குக் கேட்டு இரண்டு முறை வந்துவிட்டார் பக்கத்து வீட்டு அக்கா. புதியவனுடைய முட்டையை அடை வைத்து ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.